நான்கு பேரை எழுப்பும் விதம்

ஜூன் 8, ஞாயிறு

மூன்றாம் மாடியில் வீடு வாங்க வேண்டாம் என்று என் மனைவி காந்திமதி அன்றே சொன்னாள். லிஃப்ட் வரும் என்றார்கள். பதினோரு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. வியாழக்கிழமை கல்லூரி ஆய்வகப் படியில் சறுக்கி விழுந்து என் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "நாலு பேரை வச்சு நாற்காலியோட தூக்கிரலாம் சார்" என்றார். லிஃப்டுக்கு எதிராகக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் அவர்தான். தேதி என்னிடம் இருக்கிறது.

ஆகவே நாகர்கோவிலிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பாளையங்கோட்டை. தரைத்தளம். காந்திமதி பள்ளித் தலைமையாசிரியை; ஜூன் மாதத்தில் அவளுக்கு விடுப்பு என்ற பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தால் வருவாள்.

நாயகம் என்னைவிட நான்கு வயது இளையவன். அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்தார், ஒரே பள்ளியில் போட்டார், ஒரே பிரம்பால் அடித்தார். நான் படித்தேன். இவன் பதினேழு வயதில் ஓடிப்போய்க் கோவையில் மோட்டார் பட்டறையில் சேர்ந்தான். இன்று சொந்தமாக உதிரிபாகக் கடை, சொந்தமாகத் தரைத்தளம். நான் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி மூன்றாம் மாடியில் இருக்கிறேன். இதை அவனிடம் சொன்னதில்லை. இந்த நோட்டோடு சரி.

எல்லாரும் காலைப் பற்றிக் கேட்டார்கள். வடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நல்லது. என் மகள் என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது என்பதை இந்த வீட்டில் எல்லாரும் அறிவார்கள். அறிந்ததைப் பேசவும் வேண்டுமா?

ஜூன் 10, செவ்வாய்

காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை கூடத்துக் கட்டிலில் படுத்தபடி ஒரு வேடிக்கையைப் பார்த்தேன். நாயகத்தின் மனைவி உலகம்மை வீட்டில் உள்ளவர்களை எழுப்புகிறாள். தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. ஒன்பது மணிக்கு வண்டி ஏற வேண்டியவள். அவசரத்துக்கு ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. கொடுப்பதில்லை.

பதினைந்து வயது மகன் தளவாய்க்கு வலது கால் கட்டைவிரலை ஒரு முறை அழுத்துகிறாள். அவன் எழுந்து உட்காருகிறான். பேச்சு கிடையாது. கல்லூரிக்குப் போகும் மகள் ஆதிரையைத் தொடுவதே இல்லை. சன்னல் கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறாள். பத்து நிமிடம் கழித்து அந்தப் பெண் தானாக வெளியே வருகிறாள். நாயகத்துக்குத்தான் உச்சம். கட்டில் பக்கத்தில் நின்று, துண்டை உதறிக்கொண்டே, ஏதோ ஒரு கதையை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

"அந்தம்மா பார்சலப் பிரிச்சிப் பாத்தா, உள்ள சேலையே இல்லயாம்."

போர்வைக்குள்ளிருந்து சத்தம். "அப்ப என்ன இருந்துச்சாம்?"

"அதான் பாருங்களேன்." போய்விட்டாள். அவன் பின்னாலேயே அடுப்படி வரை வருகிறான், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

எங்கள் வீட்டில் கூடத்தில் ஒரு அலாரம். நாலரை மணி. மகன் அம்பலம், மகள் வடிவு, இருவருக்கும் அதே மணி, அதே பால், அதே மேசை. பதினான்கு வருடம் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஒரு நாளும் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

எனக்கு இங்கே எழுப்புதல் தேவைப்படவில்லை. ஐந்தரைக்குத் தினசரித்தாள் தலையணைப் பக்கம் வந்து விழும் சத்தத்தில் விழித்துவிடுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

தினசரி போடுகிறவன் வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறான். கூடம் வரை அது எப்படி வருகிறது என்று இன்றுதான் யோசித்தேன்.

மாலை தளவாய் பள்ளியிலிருந்து வந்தான். முகம் சரியில்லை. நானாக இருந்தால் எதிரில் நிறுத்திக் கேட்டிருப்பேன். உலகம்மை ஒரு முறம் சீனியவரைக்காயை அவன் மடியில் கவிழ்த்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து நுனி கிள்ளினாள். பத்துக் காய், பதினைந்து காய். இரண்டு பேரும் காயைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"கணக்குல பதினொன்னும்மா."

"நூத்துக்கா?"

"அம்பதுக்கு."

"ம். எதுல போச்சு?"

அவன் சொன்னான். எது புரியவில்லை, எந்த வாத்தியார் எப்போது கேலி செய்தார், யாரைப் பார்த்து எழுத முயன்று விட்டுவிட்டான், எல்லாம். முறம் காலியாகும்வரை சொன்னான். முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்திருக்கிறேன். ஒரு மாணவனும் என்னிடம் இவ்வளவு உண்மை பேசியதில்லை.

அவன் போனபிறகு கேட்டேன். "நாயகத்துக்கு எப்படிச் சொல்லப்போற? கத்துவானே."

"நேர்ல சொன்னாதான் கத்துவாக அத்தான். நாளைக்கு டிபன் கேரியர்ல சீட்டு எழுதி வச்சிருவேன். 'சாப்பிட்ட பிறகு படிக்கவும்'னு மேல எழுதிருவேன்."

"சாப்பிடறதுக்கு முன்னாலயே படிச்சிட்டா?"

"கல்யாணமாகி இருவத்தோரு வருசம். ஒரு தடவ படிச்சாக. அன்னைக்குச் சாப்பிடாமயே வந்தாக. பொறவு அந்தத் தப்பச் செய்யல." சிரித்தாள். "கடையில ஆட்டோமேட்டிக்கா நாலு பேரக் கத்திருவாக. சாயங்காலம் வாரப்ப மனுசனா வருவாக."

ஜூன் 13, வெள்ளி

நாயகம் மனுசனாக வந்தான். மகனைக் கூப்பிட்டு, டியூஷன் மாஸ்டர் பெயர் கேட்டான். அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

காந்திமதி வந்து போனாள். வேட்டி, மாத்திரை, விடைத்தாள் கட்டு. துறைத் தலைவர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போன கதையை அவளிடம் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அம்பலம் பெங்களூரிலிருந்து அழைத்தான். ஞாயிறுதோறும் பத்து மணி. நான்கு நிமிடம். உடம்பு, வேலை, சாப்பாடு, வைக்கிறேன். ஒழுங்கான பிள்ளை.

மதியம் உலகம்மையிடம் நேராகவே கேட்டேன். "ஒருத்தனுக்கு விரலை அமுக்குற, ஒருத்திக்குச் சன்னலத் திறக்குற. ஒரே வீட்டுல ஆளுக்கொரு நியாயமா? பிள்ளைங்க நாளைக்குக் கேக்காதா?"

தயிரைக் கடைந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"நியாயம் ஒன்னுதான் அத்தான். பதினோரு மார்க் வாங்குனதுக்கு ஒரு மாசம் செல்போன் கெடையாது, டியூஷன் உண்டு. ஆதிரை வாங்கிருந்தாலும் அதேதான். ஆனா ஆதிரைகிட்ட வந்தவொடனே கேட்டேன்னு வைங்க, மூணு நாளு வீட்டுல பேச்சு கெடையாது. அவ குளிச்சிட்டு வரணும். பொறவு என்ன வேணாலும் கேக்கலாம், அழாமப் பதில் சொல்லுவா. இதுல என்ன நியாயம் கொறஞ்சுபோச்சு?"

பதில் இருந்தது. விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.

ஜூன் 18, புதன்

கட்டுக்குள் அரிப்பு. உலகம்மை பின்னல் ஊசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உலகம்மை ஒரு தாளை நீட்டினாள். "இதுல தப்பு இருந்தா திருத்திக் குடுங்க அத்தான்." தபால் நிலைய விவகாரம் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டேன், பிரித்து எழுதிய ஒரு சொல்லைச் சேர்த்தேன், 'வருட' என்பதை 'ஆண்டு' ஆக்கினேன். கடைசி வரிக்கு வந்தபோதுதான் முதல் வரி புரிந்தது.

"வடிவு ஜூலை ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, இங்கே வருகிறாள். திங்கள் மதியம் வரை இருப்பாள். மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலின் பேக்கரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். பத்தொன்பதாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து விமானம். நீங்கள் இங்கே இருப்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றாள்."

தலையை நிமிர்த்தினால் உலகம்மை இல்லை. அடுப்படியில் தாளிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது, வேண்டுமென்றே.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். கையில் பேனாவோடு கத்த முடியவில்லை. இன்னொரு முறை படித்தேன். அப்புறம் இன்னொரு முறை. வாயால் சொல்லியிருந்தால் இரண்டாம் வாக்கியத்துக்கே குறுக்கே விழுந்திருப்பேன். மஸ்கட் வரை போயிருக்காது.

அப்படியானால் இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் என்னையும் பார்த்து வைத்திருக்கிறாள். தினசரித்தாள். பின்னல் ஊசி. இப்போது சிவப்புப் பேனா.

முதலில் அவமானமாக இருந்தது. எழுதும்போது, எவ்வளவு நேர்த்தியான வேலை என்று தோன்றுகிறது. முப்பது ஆண்டில் என் துறையில் ஒருவன் இவ்வளவு கவனமாக ஒரு பொருளை ஆராய்ந்து நான் கண்டதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காந்திமதி போன மாதம்கூட மதுரைக்குப் போய், அங்கே பேக்கரியில் வேலை செய்யும் வடிவைப் பார்த்துவிட்டு வந்தாளாம். இதுவரை மூன்று முறை. "சொன்னா போக விடுவீங்களா?" என்றாள். நான் எப்போது தடுத்தேன் என்று கேட்டேன். அவள் என் விடைத்தாள்களை எண்ணி அடுக்கினாள்.

பொறியியல் மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டு ரொட்டி சுடும் படிப்பில் சேர்ந்தவளை எந்தத் தகப்பன் கொஞ்சுவான்? நான் ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "அம்பலத்துக்கும் உனக்கும் எதில் குறை வைத்தேன்?" அதைத்தான் சொன்னேன். வேறு ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.

பத்து மணிக்கு அம்பலம் அழைத்தான். வடிவு மஸ்கட் போவது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்ப்பா" என்றான். எவ்வளவு நாளாக? "கெடச்ச அன்னைக்கே சொன்னா." அப்புறம், நான் கேட்காமலே: "அவ நல்லா இருக்கான்னு சந்தோசமா இருந்துச்சுப்பா. கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு." ஏழு நிமிடம் ஆகியிருந்தது. வைத்துவிட்டான். எதற்குப் பொறாமை என்று நான் கேட்டிருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

உப்புப் பகுப்பாய்வுக்கு மாணவர்களுக்கு ஒரு அட்டவணை கொடுப்போம். சோதனை, காண்பது, முடிவு. அதன்படி போனால் எந்த உப்பும் கடைசியில் தன் பெயரைச் சொல்லிவிடும். உலகம்மை செய்வதை அதே முறையில் எழுதிப் பார்த்தேன். கால் விரல், சன்னல், பாதிக் கதை. கைக்கு வேலை கொடுத்துக் கேட்பது. குளித்த பிறகு கேட்பது. எழுதிக் கொடுப்பது. இரண்டு பக்கம் வந்திருக்கிறது. இவ்வளவையும் அவள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, கரண்டியும் கையுமாக நடத்துகிறாள் என்பதை நினைத்தால் தொப்பியைக் கழற்றத் தோன்றுகிறது. என்னிடம் தொப்பி இல்லை.

வடிவு வரும் நாளில் அரைக் கிலோ பட்டாணி வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தோலோடு. "ஒங்களுக்குப் பட்டாணி ஆவாதே அத்தான்" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

இரண்டு ஆண்டு அவள் கண்காணாத இடத்துக்குப் போகப்போகிறாள். இப்படியே போனால் இந்தப் பதினான்கு மாதம் நாற்பது ஆகும். அதற்குப் பிறகு நான் பேச ஆரம்பித்தாலும் யாரோடு பேசுவேன்?

ஜூலை 5, சனி

பதினொரு மணிக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். வலது முழங்கையில் சூட்டுத் தழும்பு, ரூபாய் நாணயம் அளவு. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். மாவுக்கட்டை விரல் நுனியால் தொட்டு, "வலிக்காப்பா?" என்றாள். இல்லை என்றேன்.

மூன்று மணிக்குப் பட்டாணியை வரவழைத்தேன். அவள் மடியில் முறத்தை வைத்தேன். நானும் உரித்தேன், காயைத் தவிர எதையும் பார்க்காமல். காத்திருந்தேன்.

எட்டு நிமிடத்தில் அரைக் கிலோவையும் முடித்துவிட்டாள். நான் உரித்தது பதினாறு காய். தோலை ஒரு காகிதத்தில் கூட்டி மடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "வேற ஏதும் இருக்காப்பா?" மேற்பார்வையாளரிடம் கேட்பதுபோல. அவளுக்கு இது தொழில் என்பதை மறந்துவிட்டேன். பேக்கரியில் ஒரு நாளைக்கு இருபது கிலோ உரிக்கும் கை அது.

மாலை அவள் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, "வேலையெல்லாம் எப்படி?" என்றேன். "நல்லா போகுதுப்பா" என்றாள். ஆதிரையோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

கடைசியாக, எழுதினேன். எழுத்து என் பலம். ஒரு பக்கம் எழுதி, மடித்து, 'சாப்பிட்ட பிறகு படிக்கவும்' என்று மேலே போட்டு, அவள் தட்டின் அடியில் வைத்தேன். அவள் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"அப்பா, இது சித்தப்பாவுக்குச் சித்தி செய்யுறதுல்லா?"

தளவாய் தண்ணீரைத் துப்பிவிட்டான். ஆதிரை எழுந்து ஓடினாள். வடிவு சீட்டைப் பிரிக்காமல் என் கையிலேயே திருப்பித் தந்தாள். கோபத்தோடு அல்ல. அது இன்னும் மோசம்.

கை கழுவும் இடத்தில் உலகம்மையைப் பிடித்துக்கொண்டேன். அட்டவணையைக் காட்டினேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அவள் இரண்டு பக்கத்தையும் படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ அத்தான்! பட்டாணி தளவாய்க்கு. குளிக்கது ஆதிரைக்கு. சீட்டு ஒங்க தம்பிக்கு. எல்லாத்தையும் சேத்து இவ தலையில கொட்டுனா, பாவம் பிள்ள என்ன செய்யும்?"

"அப்ப வடிவுக்கு எது? அதச் சொல்லு."

சிரிப்பு நின்றது. "எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அவள வளக்கலயே. நீங்கதான வளத்திய."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒற்றைக் காலில் நின்றால் சாய்ந்துதான் ஆக வேண்டும்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் என்ன பெரிய இவளா? ஆதிரைக்கு ஏழு வயசுல, பள்ளிக்கூடம் விட்டு வந்தவொடனே கேள்வி கேட்டு, பதில் வரலன்னு கரண்டியால அடிச்சேன். இன்னும் நெத்தியில இருக்கு, பாருங்க, முடிய ஒதுக்கிப் பாருங்க. அதுக்குப் பொறவுதான் வாய மூடிட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். தளவாயப் புரிஞ்சுக்க மூணு வருசம் ஆச்சு. ஒங்களுக்கு நாளைக்கு ஒரு நாளுதான் இருக்கு. ஒன்னும் செய்யாதிய. சும்மா பாருங்க."

ஜூலை 6, ஞாயிறு

ஒன்றும் செய்யாமல் இருப்பது என் வாழ்நாளில் இதுவே முதல் முறை. காலை ஆறு மணியிலிருந்து பார்த்தேன்.

அவள் சாப்பிடும்போது பேசுவதில்லை. உட்கார்ந்தால் பேசுவதில்லை. யாராவது எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டால் தோள்கள் குறுகுகின்றன. ஒரு சின்ன இழுப்புத்தான், கண்ணுக்குத் தெரிவதே கடினம். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளோடு பேசிய ஒரே ஆள் நான்தான்.

நாலு மணிக்கு ஆதிரையோடு கடைக்குக் கிளம்பினாள். ஒரு காலில் செருப்பு மாட்டியாயிற்று. ஆதிரை ஸ்கூட்டரைக் கிளப்பி நிற்கிறாள். அப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். "சித்தி, பிளேன் ஏறும்போது காது ரொம்ப வலிக்குமா? எனக்கு அத நெனச்சாலே ராத்திரி தூக்கம் வர மாட்டங்கு." உலகம்மை துணி மடிப்பதை நிறுத்தாமல், மிட்டாய் வாயில் போட்டுக்கொள் என்றாள். "அங்க யாரையும் தெரியாது சித்தி. மாவு வேற மாதிரி இருக்குமாம். தண்ணியே வேற. நான் சுடுறது எழும்பலன்னா?" வாசலில் ஸ்கூட்டர் உறுமியது. ஐந்து நிமிடம் பேசினாள். இரண்டு நாளில் பேசிய மொத்தத்தைவிட அதிகம். ஒரு காலில் செருப்போடு.

அவர்கள் போன பிறகு எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. ஆறு வயதில், பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது, ஷூ லேஸைப் பிடித்தபடி: அப்பா, புது மிஸ் என்னக் கிள்ளுதாங்க. பதினான்கு வயதில், சைக்கிளை எடுத்த பிறகு: அப்பா, எனக்கு ராத்திரி படிச்சாதான் மண்டையில ஏறுது. கல்லூரி விடுதிக்குப் போகும்போது, பை தோளில் ஏறிய பிறகு: அப்பா, எனக்கு அங்க பிடிக்கலப்பா. ஒவ்வொரு முறையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். கிளம்புற நேரத்துல என்ன பேச்சு? வந்து பேசு. அவள் வந்ததும் மறக்காமல் எதிரில் உட்கார வைத்து, இப்போது சொல் என்பேன். ஒன்றுமில்லப்பா என்பாள். பார்த்தாயா, நேரத்தை வீணாக்க ஒரு சாக்கு என்று காந்திமதியிடம் சொல்வேன்.

ஜூன் 22-ல் ஒரு வாக்கியம்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். சரியில்லை. இரண்டு. அவள் பையோடு கதவில் நின்று, "அப்பா, நான் சொல்றத ஒரு அஞ்சு நிமிசம்" என்று ஆரம்பித்தாள். நான் சொன்ன இரண்டாவது வாக்கியம்: "கிளம்புறவ கிளம்பு."

ஜூலை 7, திங்கள்

ரயில் இரண்டு ஐம்பதுக்கு. நானும் வருகிறேன் என்றேன்.

"கால வச்சிக்கிட்டு எங்கண்ணே?" என்றான் நாயகம். "திருவிழாக் கூட்டம் வேற. கார்ல கால நீட்டவே எடமில்ல."

"முன் சீட்டைப் பின்னால தள்ளு."

உலகம்மை என்னைப் பார்த்தாள். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டிருந்தவள், "நான் வரல, எடம் பத்தாது" என்று சொல்லி, நான் பிடித்து நடக்கும் வாக்கரைக் கொண்டுவந்து காரில் ஏற்றினாள். அவளை அப்போது கையெடுத்துக் கும்பிட்டிருந்தாலும் தவறில்லை.

சந்திப்பு நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைத்தது. நாயகம் என்னை முதல் நடைமேடையில் தள்ளிக்கொண்டு போய் ஒரு தூணருகே விட்டான். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவிப்பு. "காரை வெலக்கிப் போட்டுட்டு வாரேன்" என்று போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்கும் மூளை இருக்கிறது. இதை இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

வடிவு பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். பெரிய பை. பட்டை தோளை அழுத்தியது. பக்கத்திலேயே காலி பெஞ்சு இருந்தது. உட்கார் என்று நாக்கு நுனி வரை வந்தது. பையை இறக்கி வை என்று வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. நான் அவளைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தேன். எல்லாரையும் போல, ரயில் வரும் திசையில்.

இரண்டு, மூன்று நிமிடம்.

"மொத நாப்பது ரொட்டி கருகிப்போச்சுப்பா" என்றாள்.

நான் திரும்பவில்லை. "எப்படி?"

"அடுப்பு தெரியல. நாலு அடுப்பு இருந்துச்சு, நாலும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர்ல வச்சா ஒரே சூடு வரணும். வராது. மூணாவது அடுப்பு இடது பக்கம் மட்டும் கூடக் காயும். மாஸ்டர் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு மாசம். கைய உள்ள விட்டுப் பாத்துப் பாத்து." முழங்கைத் தழும்பைக் காட்டினாள். "இது அதுதான்."

வேதியியல் முனைவரான நான் கேட்டேன். மாவு எதனால் எழும்புகிறது என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கவில்லை. மாவு தயாராகிவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். விடை தெரியாமல் நான் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி இதுவாக இருக்கலாம். விரலால் அழுத்தினால் குழி எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறது என்பதை என் மாவுக்கட்டின் மேல் அழுத்திக் காட்டினாள். மழை நாளில் அது மாறும் என்றாள். அந்தக் கடையில் மழை பெய்தால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். இருபத்திரண்டு வயது. ஆறு பேர் வேலை செய்யும் இடம். மழை பெய்தால் இவளை.

அப்புறம் வேறு சிலவற்றையும் சொன்னாள். பொறியியல் கல்லூரியில் அவள் கழித்த மூன்று ஆண்டைப் பற்றி. நாலரை மணி அலாரத்தைப் பற்றி. அன்று நான் சொன்ன இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி. அவள் அழவில்லை, நடைமேடையில் டீ விற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று மறுபடி தொடர்ந்தாள். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. யார் என்ன சொன்னார் என்று இந்த நோட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், பிறகு எடுத்துக்காட்டுவதற்காக. இது அதற்கானதல்ல.

ஒன்று மட்டும் சொன்னேன். "அன்னைக்கு அஞ்சு நிமிசம் கேட்ட. நான் குடுக்கல. தப்பு." தயாரித்து வைத்திருந்த ஒரு பக்கம் இதைவிட நன்றாக இருந்தது. அது சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

அவள் தலையை ஆட்டினாள். பட்டையை மறு தோளுக்கு மாற்றினாள்.

ரயில் வந்தது. நாயகம் எங்கிருந்தோ முளைத்து அவளுடைய பெட்டியை ஏற்றினான். அவள் ஏறிக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே போகவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகரும்போது, எனக்குத் தெரியும், அப்போதுதான் திரும்பினாள்.

"அப்பா! பத்தொம்பதாம் தேதிக்குள்ள கட்டுப் பிரிச்சிருவாங்கல்லா? ஏர்போர்ட்டுக்கு வாரீங்களா? இன்னும் கொஞ்சம் இருக்கு."

"எத்தன மணிக்குப் போகணும்?"

"மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுதாங்க!"

"அஞ்சு மணி நேரம் முன்னால போயிருவோம்!" என்று கத்தினேன். நடைமேடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.